பருவத்துக்கு ஒரு தேசம்

2025 பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. சரோஜினி நகர்க் கிளையில் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார் ஒரு பழைய வாடிக்கையாளர். மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். இந்த வட்டாரத்து அரசுக் குடியிருப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். மறுசீரமைப்புக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபின் துவாரகாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆனால் ஓய்வூதியக் கணக்கை மட்டும் மாற்றவில்லை. மாதம் ஒருமுறை வருவார், கணக்குப் புத்தகத்தில் பதிவிட்டுக்கொள்வார், விநாயகர் கோயிலில் ஒரு கும்பிடு, சந்தையில் ஒரு சுற்று, பிறகு வீடு.

அன்று அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, நான்கு லட்ச ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரும்படி ஒரு விண்ணப்பம். மற்றொன்று, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ-2 படிவம்.

"பையனுக்கு வெளிநாட்டில் கூடைப்பந்து ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது சார். ஒரு பருவம் முழுக்க. முகவருக்குப் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் என்கிறார்கள்."

மகனை எனக்குத் தெரியும். ஆறடி நான்கு அங்குல உயரம். லட்சுமிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பல்கலைக்கழக அணிக்காக ஆடியவன். வயது இருபத்துமூன்று. அரசுத் துறை ஒன்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வுக்கும் அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. ஒப்பந்தம் கிடைத்துவிட்டதால் அந்தத் தேர்வுக்குப் போகப் போவதில்லை என்றார் தந்தை.

நான் வணிகவியல் பட்டதாரி. கூடைப்பந்தில் ஓர் அணிக்கு எத்தனை பேர் ஆடுவர் என்பதற்கு மேல் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏ-2 படிவத்தில் நோக்கம் என்னும் இடத்தைப் பார்க்காமல் கையொப்பமிடும் பழக்கம் எனக்கில்லை. வேலை கொடுப்பவன் பணம் தருவது உலக வழக்கம். வேலைக்குப் போகிறவன் முன்பணம் கட்டுவது எதற்காக என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை. "வெள்ளிக்கிழமை வரை நாள் இருக்கிறதே, எனக்கு மூன்று நாள் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அந்த மூன்று நாள்களில் படித்தவையும், பிறகு விசாரித்து அறிந்தவையுமே இந்தக் கட்டுரை.

ஒரு நிலையம் தள்ளி

அதே மாதத்தில், எங்கள் கிளையிலிருந்து மெட்ரோவில் ஒரே நிலையம் தள்ளி, ஐ.என்.ஏ. பகுதியில் உள்ள தியாகராஜ் விளையாட்டரங்கில் கூடைப்பந்து லீக் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெயரைக் கேட்டதும் நம்மவருக்குத் திருவையாறு நினைவுக்கு வரும். 2010 காமன்வெல்த் விளையாட்டுகளின் வலைப்பந்துப் போட்டிகள் நடந்த அரங்கம் அது. அங்கே ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட வீரர்களுக்கான ஐ.என்.பி.எல். புரோ போட்டிகள் நடைபெற்றன. சென்னை ஹீட் உள்பட ஆறு அணிகள் ஆடின. இந்திய இளைஞர்களோடு வெளிநாட்டு வீரர்களும் ஒவ்வோர் அணியிலும் இருந்தனர்.

செவ்வாய் மாலை தந்தையும் மகனும் என்னை அங்கே அழைத்துச் சென்றார்கள். என் கண் பந்தின்மீது இருந்ததைவிட அந்த வெளிநாட்டு இளைஞர்கள்மீதே அதிகம் இருந்தது. தாய்நாட்டை விட்டுச் சில வாரங்களுக்கு மட்டும் ஓர் அணியின் சட்டையை அணிந்து, மொழி தெரியாத ஊரில், தங்கள் பெயரை உச்சரிக்கத் தடுமாறும் பார்வையாளர் முன் ஆடுகிறார்கள். அது முடிந்ததும் இன்னொரு நாடு, இன்னொரு சட்டை.

"இதுதான் சார் அந்த வாழ்க்கை. உலகத்தில் பெரும்பாலான தொழில்முறை வீரர்கள் இப்படித்தான். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அந்த மேல்தட்டில் இருக்கும் சில நூறு பேரை மட்டும்தான்" என்றான் மகன்.

அவன் சொன்னது சரி. அமெரிக்காவின் என்.பி.ஏ. அமைப்பில் முப்பது அணிகளே உள்ளன. அதற்கு வெளியே ஐரோப்பா, சீனா, ஜப்பான், தைவான், ஆஸ்திரேலியா, லத்தீன் அமெரிக்கா, மேற்காசியா எனப் பல நாடுகளில் லீக்குகள் உண்டு; அவற்றுள்ளும் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என அடுக்குகள். ஒரு பருவத்துக்கு ஒரு தேசம் என்று இவற்றுக்கிடையே நடந்துகொண்டே இருப்பவர்களே பெரும்பாலோர். பரிசில் தேடி ஊர் ஊராகச் சென்ற நம் பாணர்களை எனக்கு அவர்கள் நினைவுபடுத்தினார்கள். பாணர்களிடம் ஒரு நல்ல மரபு இருந்தது. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வரும் வறியவனுக்கு வழி சொல்லுவான். அதற்கு ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகையே உண்டு. நம் நாட்டிலிருந்து கூடைப்பந்துக்காக வெளிநாடு சென்றவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவர்கள் நடந்த வழியே இந்தப் பையனுக்கு ஆற்றுப்படை என்று தோன்றியது.

வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கடல் கடந்தவர்

முதலில் சொல்லவேண்டியவர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஆறடி இரண்டு அங்குல உயரம். நம் தென்னக ரயில்வே அணிக்காக ஆடியவர் என்பதால் சென்னை ரசிகர்களுக்கு அறிமுகமான முகம். 2006ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதளவில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் புறப்பகுதியான ரிங்வுட்டின் ஹாக்ஸ் கழகத்துக்காக ஆடச் சென்றார். 2008 வரை அங்கே ஆடினார். அது ஆஸ்திரேலியாவின் உச்ச லீக் அன்று; விக்டோரியா மாநில அளவிலான போட்டி. ஆயினும் இந்தியப் பெண் ஒருவர் வெளிநாட்டுக் கழகத்தின் சட்டையை அணிந்து ஆடுவது அன்றைக்குக் கேள்விப்படாத செய்தி.

2011இல் அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வைச் சேர்ந்த சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அவர் அழைக்கப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார், இந்திய அணிக்காகத் தொடர்ந்து ஆடினார், 2014இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அவர் வரலாற்றில் என் கண்ணில் பட்டது வேறொன்று. போனபோதும் வந்தபோதும் அவருக்குப் பின்னால் ரயில்வே என்னும் நிலையான வேலை இருந்தது. மூன்று அணிகள் இல்லை என்று சொன்ன நாளிலும் அவருடைய பிழைப்பு அந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கவில்லை.

உச்சம் தொட்டும் நிலைக்காதவை

அடுத்தவர் சத்னம் சிங். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்துப் பல்லோ கே என்னும் சிற்றூரின் உழவர் மகன். ஏழடி இரண்டு அங்குலம். பதினான்கு வயதில், 2010இல், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஐ.எம்.ஜி. அகாதமிக்குச் சென்றார். 2015 ஜூன் 25 அன்று என்.பி.ஏ. வீரர் தேர்வில் 52ஆவது இடத்தில் டல்லஸ் மாவெரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து அத்தேர்வில் இடம்பெற்ற முதல் வீரர் அவரே. அன்று நாட்டின் எல்லாச் செய்தித்தாள்களிலும் அவர் படம் வந்தது.

ஆனால் தேர்வு வேறு, ஒப்பந்தம் வேறு, ஆட்டம் வேறு. டல்லஸ் அணிக்காக லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. அதன் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள். அங்கும் கிடைத்த நிமிடங்கள் சொற்பம். பிறகு கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2019இல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி இரண்டாண்டுத் தடை. அது முடியும் தறுவாயில் அவர் கூடைப்பந்தை விட்டுத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார்.

கனடாவின் டொரண்டோவில் பிறந்த பஞ்சாபி வமிசத்தவர் சிம் புல்லரின் கதையும் அறியத்தக்கது. ஏழடி ஐந்து அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி அவருக்குப் பத்து நாள் ஒப்பந்தம் ஒன்றைத் தந்தது. ஆம், பத்தே நாள். என்.பி.ஏ. ஆட்டத்தில் களமிறங்கிய முதல் இந்திய வமிசத்தவர் என்னும் பெருமை அந்தப் பத்து நாளில் கிடைத்தது. ஆடியவை மூன்று ஆட்டங்கள். அதன்பின் அவர் சென்றது தைவானுக்கு. அங்கேதான் அவருக்கு நீண்ட பருவங்களும் நிறைய ஆட்ட நேரமும் கிடைத்தன. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது மூன்று ஆட்டங்களுக்காக. அவருக்குச் சோறு போட்டதோ அதிகம் பேசப்படாத ஆசிய லீக்குகள்.

நடுவழியில் நடந்தவர்கள்

அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் ஆகிய இருவரையும் எங்கள் இளைஞன் தன் வழிகாட்டிகளாகச் சொன்னான். அம்ரித்பால் அமிர்தசரஸ் மாவட்டத்து உழவர் குடும்பத்தவர். சிறுவயதில் கபடி ஆடியவர். பதின்பருவத்தின் இறுதியில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். இருவரும் லூதியானா கூடைப்பந்து அகாதமியில் பட்டை தீட்டப்பட்டவர்கள். அந்த அகாதமியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் டாக்டர் சங்கரன் சுப்பிரமணியன். பஞ்சாபின் வயற்காட்டு இளைஞர்களைக் கூடைப்பந்து வீரர்களாக்கிய அந்த ஆசிரியர் 2013இல் மறைந்தார். சத்னமும் அவருடைய மாணவரே.

2014இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா சீனாவை 65-58 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கோடு நம் ஆடவர் அணியின் ஒலிம்பிக் கணக்கு முடிந்துபோயிருந்த நிலையில், அந்த வெற்றியை ஆசியா முழுவதும் கவனித்தது. மறு ஆண்டே இருவருக்கும் ஜப்பானின் டோக்கியோ எக்சலன்ஸ் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அது அந்நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டி. அங்கே ஆடியபின், 2017இல் இருவர் பாதையும் பிரிந்தது. அம்ஜோத் அமெரிக்காவின் ஜி லீக்கில் ஒக்லஹோமா சிட்டி புளூ அணிக்குத் தேர்வானார். அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் முதல்நிலை லீக்கில் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த லீக்கில் களமிறங்கிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு வாரணாசியைச் சேர்ந்த விசேஷ் பிருகுவன்ஷியை அடிலெய்ட் அணி ஒப்பந்தம் செய்தது. விசேஷ் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் அணியில் ஆடியவர். 2020இல் அர்ஜுனா விருது பெற்றவர்.

இந்திய அணியில் இவர்கள் நாயகர்கள். அங்கே மாற்று வீரர்கள். இங்கே ஓர் ஆட்டத்தில் முப்பது நிமிடம் ஆடிப் பழகியவர் அங்கே சில நிமிடங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படலாம், படாமலும் போகலாம்.

இன்று பாதை சற்று அகன்றிருக்கிறது. 2017இல் கிரேட்டர் நொய்டாவில் என்.பி.ஏ. அகாதமி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற குர்தாஸ்பூர் மாவட்ட இளைஞர் பிரின்ஸ்பால் சிங், 2020இல் ஜி லீக் இக்னைட் அணியோடு தொழில்முறை ஒப்பந்தம் செய்தார். 2021இல் சாக்ரமென்டோ அணியின் கோடை லீக் குழுவில் இடம்பெற்றார். அந்தக் குழு கோப்பையும் வென்றது. ஆனால் அகன்ற பாதையும் பருவத்துக்கு ஒருமுறை திரும்பும் பாதையே.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

சரோஜினி நகர்ச் சந்தையில் இருநூறு ரூபாய்ச் சட்டையைக்கூடத் தையலைப் புரட்டிப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. ஒரு மகனின் ஓராண்டைத் தீர்மானிக்கும் தாளை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டாமா? புதன்கிழமை மாலை கிளை நேரம் முடிந்தபின் நாங்கள் மூவரும் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம். பார்த்தவற்றைப் பிறருக்கும் பயன்படுமாறு தருகிறேன்.

முதலாவது, முகவர். பன்னாட்டுக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா, முகவர்களுக்கு உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்றவர் பட்டியல் அதன் இணையதளத்தில் எவரும் காணும்படி உள்ளது. முகவரின் ஊதியம் வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கு. பல இடங்களில் கழகமே அதைக் கொடுத்துவிடும். வீரர் சம்பாதித்தால்தான் முகவருக்கு வருமானம் என்பதே இந்தத் தொழிலின் அமைப்பு. சம்பாதிப்பதற்கு முன்பே பெருந்தொகை கேட்பவருடைய வருமானம் வேறெங்கோ இருந்து வருகிறது என்று பொருள்.

இரண்டாவது, ஒப்பந்தம் உறுதியானதா என்பது. உடற்பரிசோதனையில் தேறினால்தான் செல்லும், முதல் சில வாரங்கள் சோதனைக் காலம், எப்போது வேண்டுமானாலும் விலக்கலாம் என்னும் வரிகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான லீக்குகளில் வெளிநாட்டு வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எனவே நான்கு ஆட்டங்களில் சோபிக்காத வெளிநாட்டவரை அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கொணர்வது கழகங்களின் வழக்கம். அவ்வாறு விலக்கினால் மீதிச் சம்பளம் உண்டா, திரும்பும் விமானச் செலவு யாருடையது, காயமுற்றால் மருத்துவச் செலவையும் சம்பளத்தையும் யார் ஏற்பார் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். தங்குமிடமும் அப்படியே.

மூன்றாவது, தகராறு எங்கே தீர்க்கப்படும் என்பது. சம்பள பாக்கி இந்தத் துறையின் பழைய நோய். அதற்காகவே 2007இல் ஃபிபா ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. பின்னர் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் எனப் பெயர் மாறிய அது, ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டது. பணம் தராத கழகம் தீர்ப்புக்குப் பணியாவிட்டால், புதிய வீரர்களைப் பதிவு செய்ய இயலாதபடி ஃபிபா தடை விதிக்க முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் அத்தீர்ப்பாயத்தைக் குறிப்பிடும் விதி இருந்தால்தான் அங்கே வழக்கிட முடியும். ஒரு பத்தி இருக்கிறதா இல்லையா என்பதில் ஓராண்டு உழைப்பின் ஊதியம் தொங்கும்.

நான்காவது, ஒரு நாட்டின் சம்மேளனத்திலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆடச் செல்லும் வீரருக்கு விடுவிப்புக் கடிதம் தேவை. அதைத் தாய்நாட்டுச் சம்மேளனம் தரும். உண்மையான கழகம் முதலில் கேட்பது இதைத்தான்.

எங்கள் கையிலிருந்த தாளில் சம்பளத் தொகை பெரிய எழுத்தில் இருந்தது. காயம் பற்றிய விதி இல்லை. நடுவர் தீர்ப்பாயம் பற்றிய பத்தி இல்லை. விடுவிப்புக் கடிதத்தை எவரும் கேட்கவில்லை. முகவரின் பெயரை உரிமப் பட்டியலில் தேடினோம், அதுவும் இல்லை. கழகத்தின் அதிகாரபூர்வ முகவரிக்குப் பையன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். மறுநாள் காலையில் பதில் வந்தது. அவன் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு வைப்புத்தொகை விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகன் எழுந்து வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் தனியாக நிற்பது தெரிந்தது. பணம் தப்பியது என்று எனக்கு நிம்மதி. அவனுக்கோ, மூன்று வாரங்களாக அவன் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு வாழ்க்கை அந்த ஒரு மின்னஞ்சலில் முடிந்துபோயிற்று. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத முடியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

ஏழு மாத வரவு, பன்னிரண்டு மாதச் செலவு

இவ்வளவு சொன்னபின், போகவே கூடாது என்பது என் கருத்தென எவரும் எண்ண வேண்டாம். நேர்மையான ஒப்பந்தங்கள் உண்டு. போய் ஆடி மதிப்போடு திரும்பியவர்களை மேலே கண்டோம். போகிறவர் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே ஒரு வங்கியாளனின் வேண்டுகோள்.

வணிகவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. இயந்திரம் ஆண்டுதோறும் தேய்கிறது. அது முழுவதும் தேயும் முன்பே அடுத்த இயந்திரத்துக்கான நிதியை ஒதுக்கி வைக்க வேண்டும். விளையாட்டு வீரரின் முழங்காலும் அத்தகையதே. முப்பத்தைந்து வயதுக்குமேல் ஆடுவோர் அரியர். ஆனால் செலவு அறுபதைத் தாண்டியும் தொடரும்.

ஓர் எளிய கணக்கு. மாதம் 1,20,000 ரூபாய்க்குச் சமமான சம்பளத்தில் ஏழு மாத ஒப்பந்தம் என்று கொள்வோம். மொத்தம் 8,40,000 ரூபாய். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 70,000. வீரர் வாழவேண்டியது இந்த எழுபதாயிரத்துக்குள். அதிலும் வரி, காப்பீடு, பருவமில்லாக் காலத்துப் பயிற்சிச் செலவு ஆகியன போக எஞ்சுவதற்குள். லட்சத்து இருபதாயிரத்தைப் பார்த்து வாகனக் கடன் எடுப்பவருக்கு எட்டாவது மாதத்தில் தவணை கட்ட வழியிருக்காது.

கணக்கு வகைகளிலும் தெளிவு வேண்டும். வேலை நிமித்தம் வெளிநாடு செல்பவர், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, புறப்பட்டதிலிருந்தே வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். தம்முடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஈட்டும் பணத்தை என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பலாம். அதிலுள்ள தொகையைத் தடையின்றி வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுசெல்லலாம். வெளிநாடுவாழ்பவராக இருக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கே வருமான வரியும் இல்லை. திரும்பி வந்ததும் வங்கிக்குத் தெரிவித்து மீண்டும் உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். ஒரு பருவத்துக்கு மட்டும் போகிறவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

வருமான வரியில் அளவுகோல் வேறு. அங்கே நாள்களின் எண்ணிக்கையே முதன்மை. ஒரு நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கினால் வரிக்கணக்கில் அவர் இந்தியவாசியே. உலகெங்கும் ஈட்டிய வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். ஏழு மாத ஒப்பந்தம் இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்து விழுந்தால் இந்த நிலை எளிதில் ஏற்படும். அந்நாட்டில் கட்டிய வரிக்கு, இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கையின்படி இங்கே கழிவு பெறலாம். அதற்கு அங்குள்ள வரிச் சான்றுகளைத் தாயத்துப் போலப் பாதுகாக்க வேண்டும். புறப்படும் முன் ஒரு பட்டயக் கணக்கரிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது நல்லது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோருக்கும் ஒரு சொல். தனிநபர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இடமளிக்கிறது. வரம்புக்குள் இருக்கிறது என்பதால் மட்டுமே ஒரு பரிமாற்றம் பாதுகாப்பானதாகிவிடாது. ஒருமுறை கடல் கடந்த பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அவசரம், இரகசியம், முன்பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் உங்கள் கிளையில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள். கேள்வி கேட்கும் அலுவலர்மேல் கோபம் வேண்டாம்.

வெற்றுப் படிவம்

அந்த வியாழக்கிழமை மாலை மகன் திரும்பி உள்ளே வந்தான். தந்தையிடம் எதுவும் பேசாமல் என்னிடம் கேட்டான்: "சார், கீத்து அக்கா ரயில்வேயில் இருந்துகொண்டேதானே ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள்?"

"ஆமாம்" என்றேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருந்தன. போனான். ஓட்டம், உயரத் தாண்டல், பந்துத் திறன், பயிற்சி ஆட்டம் என இரண்டு நாள் தேர்வு. கோடையில் பணி நியமன ஆணை வந்தது. நம் நாட்டில் வங்கிகளும் ரயில்வேயும் பொதுத்துறை நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாக விளையாட்டு வீரர்களுக்குத் தந்துவரும் இந்த நிழலைச் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. அது வீரனைச் சோம்பேறியாக்கும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டுக் கழகம் இல்லை என்று சொன்ன மறுநாளும் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போக முடிகிறது என்றால், அதற்கு இந்த நிழலும் ஒரு காரணம். நேர்மையான அழைப்பு வந்தால் துறையின் முன் அனுமதி பெற்று, ஊதியமில்லா விடுப்பில் போகலாமா என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே அவன் விசாரித்துவிட்டானாம். விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறார்கள், கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை.

சென்ற மாதம் தந்தை வழக்கம்போல் வந்தார். வைப்புத்தொகை முதிர்ந்திருந்தது, அதை மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார். மகன் முதல் சம்பளத்திலிருந்தே மாதத் தொடர் வைப்பு ஒன்று தொடங்கியிருப்பதாகச் சொன்னார். நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆடுகளத்துக்குப் போகிறானாம். தன் ஆட்டக் காட்சிகளைத் தொகுத்து உரிமம் பெற்ற முகவர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறானாம். பதில் இன்னும் வரவில்லையாம்.

எழுந்து போகும்போது, "ஒரு ஏ-2 படிவம் கொடுங்கள் சார்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"யாருக்கும் அனுப்ப இல்லை. பையன் போகிற நாள் வந்தால் முதல் மாதக் கைச்செலவுக்கு வேண்டியிருக்குமே. வீட்டில் ஒன்று இருக்கட்டும்."

படிவம் எங்கள் இணையதளத்திலேயே கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல், கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனார்.